பாசிக்குடாவா, அறுகம்பையா? ஒரு முழுநாளைக் கடற்கரையில் சும்மா கழிக்க எது ஏற்றது?

வெள்ளவத்தைவாசி கேட்கிறார்:

நானும் மனைவியும் கொழும்பில் வேலை பார்க்கின்றோம். ஜூலை மாதத்தில் இருவருக்கும் ஒரே நேரத்தில் விடுமுறை அமைந்திருக்கின்றது. அதில் ஒரு நாளையாவது கிழக்குக் கடற்கரையில், இடம் பார்க்கும் அலைச்சல் எதுவுமில்லாமல், உண்பதும் உறங்குவதும் கடலில் கால் நனைப்பதுமாகக் கழிக்க விரும்புகின்றோம். மனைவிக்கு நீச்சல் தெரியாது. ஆனால் நெடுநேரம் கடலுக்குள் நிற்க வேண்டும் என்பது அவரது பெருவிருப்பம். பாசிக்குடா, அறுகம்பை இரண்டில் எது இதற்குப் பொருந்தும்? இரவுப் புகையிரதத்தில் வந்து இறங்கினால் விடியற்காலையிலேயே அறை தருவார்களா? அந்தப் பகுதியின் மதிய வெயிலை எப்படிச் சமாளிப்பது? ஊரவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

கல்குடாக் கரையோரம் எழுதுகிறார்:

தம்பி, மனைவிக்கு நீச்சல் தெரியாது என்று எழுதிய பிறகு வேறு யோசனையே வேண்டாம், பாசிக்குடாவுக்கு வாருங்கள். வெளியே உள்ள பவளப்பாறைத் திட்டு அலையை மறித்துவிடுவதால் குடாவுக்குள் நீர் குளம் போலக் கிடக்கும். முழங்காலளவு, இடுப்பளவு என்று நெடுந்தூரம் நடந்து போகலாம். தரை மணல்தான் என்றாலும் இடையிடையே உடைந்த பவளத் துண்டுகள் பாதத்தைக் கீறும், ஆகவே ரப்பர்ச் செருப்பொன்றைப் போட்டுக்கொண்டே இறங்குங்கள்.

ஜூலையில் எங்கள் பக்கம் கச்சான் காற்று வீசும். மேற்கிலிருந்து வரண்ட நிலத்தைத் தாண்டி வருவதால் அது அனல் போல இருக்கும். நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிப்பதால் கரையோர நீர் இன்னும் அமைதியாகத் தெரியும். அந்த அமைதியை நம்பி காற்றடைத்த ரியூப்பிலோ மெத்தையிலோ மனைவியைப் படுக்க வைத்துவிட்டு நீங்கள் கண்ணயர்ந்துவிடக் கூடாது. மெல்ல மெல்ல அது குடாவின் வாய்ப் பக்கம் நகர்ந்துவிடும். ஆழத்துக்குப் போன பிறகுதான் தெரியவரும். ரியூப் வேண்டுமென்றால் அதில் ஒரு கயிற்றைக் கட்டி, நிலத்தில் கால் ஊன்றி நிற்கும் ஒருவர் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பக்கத்திலுள்ள கல்குடாக் கரை சனமில்லாமல் அழகாக இருக்கும். ஆனால் பாசிக்குடாவைப் போன்ற பாதுகாப்பு அங்கே இல்லை. அங்கு நடக்கப் போங்கள், குளிக்கப் போகாதீர்கள்.

இரவுப் புகையிரதம் உங்களை வாழைச்சேனையில் அறை தரும் நேரத்துக்கு வெகு முன்னரே இறக்கிவிடும், அங்கிருந்து பாசிக்குடாவுக்கு ஓட்டோவில் சிறிது நேரந்தான். ஆனால் பெரும்பாலான விடுதிகள் பிற்பகல் 2 மணிக்குத்தான் அறையைத் தருகின்றன. முன்கூட்டியே அழைத்துப் பேசி, காலையிலேயே அறை தர முடியுமா, இல்லையென்றால் பையை வைத்துக் குளித்து உடை மாற்றவும் காலை உணவு எடுக்கவும் இடந்தருவார்களா என்று கேட்டு உறுதிப்படுத்துங்கள். அத்தோடு வளவுக்குள் நிழல்மரம் உண்டா என்றும் கேளுங்கள். போரினாலும் 2004 ஆழிப்பேரலையினாலும் அழிந்த இந்தக் கரையில் இப்போதுள்ள பெரிய விடுதிகள் 2009க்குப் பின்னர் எழுந்தவை. எல்லா இடத்திலும் மரங்கள் வளர்ந்து நிழல் விழுந்துவிட்டது என்று சொல்ல முடியாது. சும்மா கிடக்க வருபவருக்கு நீச்சல்குளத்தை விட ஒரு வேம்போ பூவரசோ முக்கியம்.

இது கிழக்குக் கரை என்பதால் சூரியன் கடலிலிருந்து எழும், நிலத்தின் பக்கம் மறையும். ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிவரை கடலில் இருங்கள். பத்து மணிக்குப் பிறகு மணலில் வெறுங்காலோடு நிற்கவே முடியாது. உள்ளே போய்ப் படுத்துவிடுங்கள். நாலரை மணிக்கு மேல், கரையோரக் கட்டடங்களின் நிழலும் தென்னைகளின் நிழலும் நீர்வரைக்கும் நீண்டு விழும்போது மறுபடியும் இறங்கலாம். அந்த நேரத்து நீர் இளஞ்சூட்டோடு இருக்கும். பொழுதுபடும்வரை ஏறிவர மனம் வராது.

பொத்துவில் வாசகர் எழுதுகிறார்:

பாசிக்குடாவைப் பற்றி அந்த ஐயா சொன்னது முழுக்கச் சரி. ஆயினும் அறுகம்பையை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம் என்பது எனது வேண்டுகோள். ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை இங்கு அலைச்சறுக்குக் காலம். ஜூலையில் வெளிநாட்டவர் கூட்டம் நிறைந்திருக்கும், அறை வாடகையும் ஏறியிருக்கும். நீச்சல் தெரியாதவர் தெற்கு முனைப் பக்கம் கடலில் இறங்குவது ஆபத்து. ஆனால் அதே முனையில் நிழலான இடத்தில் அமர்ந்து, அலைக்காகப் பலகையில் காத்திருப்பவர்களையும் கரைக்கு இழுத்து வைத்த தோணிகளையும் பார்த்துக்கொண்டே ஒரு காலைப்பொழுது முழுவதையும் போக்கிவிடலாம். மாலையில் பக்கத்திலுள்ள பொத்துவில் களப்பில் மீனவர்கள் தோணியில் கூட்டிச் செல்வார்கள். கண்டல் மரங்களுக்கிடையே மெதுவாகத் தள்ளிச் செல்லும் அந்தப் பயணத்தில் நீங்கள் செய்ய வேண்டியது எதுவுமில்லை. ஒன்று மட்டும் யோசியுங்கள்: புகையிரதம் போய் நிற்கும் மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் நூறு கிலோமீற்றருக்கும் அதிகம். கையில் இருப்பது ஒரே நாள் என்றால், அதில் பாதி பஸ்ஸிலேயே போய்விடும்.

கல்லடிப் பாலத்தடி எழுதுகிறார்:

சகோதரரே, நானும் என் கணவரும் வருடந்தோறும் பாசிக்குடாவுக்குப் போகிறவர்கள் என்பதால், உங்கள் மனைவியின் சார்பில் இரண்டு விடயங்களைச் சொல்ல விரும்புகின்றேன்.

சனி, ஞாயிறு, பௌர்ணமி விடுமுறையான போயா நாட்களைத் தவிர்த்து வாருங்கள். அந்நாட்களில் பல ஊர்களிலிருந்தும் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து பொதுக்கரை நிரம்பிவிடும். வார நாளில் வந்தால், சல்வாரோ நீளச் சட்டையோ அணிந்தபடி உங்கள் மனைவி கூச்சமின்றிக் கடலில் நிற்கலாம். எங்கள் ஊர்ப் பெண்கள் அப்படித்தான் குளிக்கின்றார்கள், எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பருத்தித் துணி நனைந்தால் பாரமாகி மணலையும் பிடித்துக்கொள்ளும் என்பதால், விரைவில் காயும் மெல்லிய துணியாக ஒன்றை எடுத்துவரச் சொல்லுங்கள்.

மற்றது, மூன்று வேளை உணவும் விடுதியிலேயே இருக்கும்படி ஒழுங்கு செய்யுங்கள். பல குடும்பங்களில் ஓய்வு என்று புறப்பட்டு வந்த இடத்திலும் தேநீர் கலப்பதும், ஈரத் துணியைப் பிழிந்து காயப்போடுவதும், அடுத்த வேளைக்கு என்ன என்று யோசிப்பதும் பெண்ணின் தலையிலேயே விழுகின்றன. கணவர் மட்டும் படுத்திருக்கும் நாளை இருவருடைய ஓய்வுநாள் என்று நான் எண்ணுவதில்லை. மதியம் கணவாய்க் கறியும் இறால் பொரியலுமாகச் சோறு உண்டு, எருமைத் தயிரில் கித்துள் பாணி ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, மனைவி எழும்வரை அவரை எழுப்பாமல் விடுங்கள். அன்றைக்கு ஈரத் துணிகளை நீங்கள் காயப்போடுங்கள்.

வெள்ளவத்தைவாசி மீண்டும் எழுதுகிறார்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பாசிக்குடாவையே தெரிவு செய்து, வார நாளொன்றுக்கு விடுதியில் பேசியிருக்கின்றோம். காலை ஏழு மணிக்கே அறை தரச் சம்மதித்திருக்கின்றார்கள். முற்றத்தில் இரண்டு வேம்புகள் நிற்பதாகவும் சொன்னார்கள். துணி காயப்போடும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். அறுகம்பைக்கு, கூடுதல் நாள் கிடைக்கும்போது தனியாக வருவோம்.