பூவெடுத்த மாந்தோப்பில் தத்துப்பூச்சி: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

போச்சம்பள்ளி நாலு ஏக்கர்:
பொங்கல் முடிந்த வாரம். தோப்பு முழுக்க பெங்களூரா ரக மா, அப்பா வைத்த மரங்கள். பூ நன்றாகவே வந்திருந்தது. காலை ஆறு மணிக்கு மோட்டார் போடப் போனேன். மரத்தடிக்குள் நுழைந்ததும் தூறல் சத்தம். வானத்தில் மேகமே இல்லை. ஒரு கிளையைத் தொட்டேன், சத்தம் சடசடவென்று கூடியது. முகம், காது, சட்டைக் காலருக்குள் எல்லாம் தத்துப்பூச்சி, பூவின் சாறை உறிஞ்சுகிற சின்னப் பூச்சி. கீழே சருகெல்லாம் எண்ணெய் தடவினது போல் மின்னியது, செருப்பு ஒட்டி ஒட்டி வந்தது.

கடைக்கு ஓடினேன். இரண்டு பாட்டிலைக் கொடுத்து, கலந்து அடி என்றார்கள். அன்று மாலையே அடித்தேன். மறுநாள் தோப்பே அமைதி. ஐந்தாம் நாள் மறுபடியும் அதே தூறல். செலவு போனது போகட்டும், அந்தச் சத்தம்தான் இன்னும் காதில் இருக்கிறது. யாருக்காவது இப்படித் திரும்பி வந்திருக்கிறதா?

பர்கூர் பக்கம்:
வந்திருக்கிறது. எனக்குப் பூச்சியைவிட அது விட்டுப்போன கறுப்புதான் மறக்கவில்லை. பூவிலேயே குத்தகை பேசி அட்வான்ஸ் கொடுத்தவர், பதினைந்து நாள் கழித்து வந்து பார்த்தார். இலை எல்லாம் கரி பூசினது போல இருந்தது. ஒரு இலையைக் கட்டைவிரலால் தேய்த்தார், விரலைப் பார்த்தார், என் வண்டி சீட்டில் துடைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. மீதிப் பணமும் வரவில்லை, ஆளும் வரவில்லை.

காரிமங்கலம் அக்கா:
போச்சம்பள்ளி அண்ணா, கோபித்துக்கொள்ளாதீங்க. பூ விரிந்திருந்தபோது அடித்தீர்களா, விரியும் முன்பா? அதைச் சொல்லவே இல்லையே.

எங்கள் புளியமரத்தடியில் ஆறு தேனீப் பெட்டி வைத்திருந்தோம். பக்கத்துத் தோப்பில் காலை பத்து மணிக்கு, பூ முழுக்க விரிந்திருக்கும்போது மருந்து அடித்தார்கள். தேனீ அங்கேயே சாகவில்லை. பெட்டி வரைக்கும் வந்து, வாசலில் விழுந்து, குடித்தவன் மாதிரி சுற்றியது. என் சின்னப் பெண் ஒரு இலையில் ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டி வாசலில் வைத்தாள். விழும், எடுத்து வைப்பாள். மறுபடி விழும். சாயங்காலம் வரைக்கும் அதையே செய்தாள். அந்த வருஷம் பக்கத்துத் தோப்பில் பூ கொட்டோ கொட்டென்று கொட்டியது, பிஞ்சைக் காணோம். பனிதான் காரணம் என்றார் அந்தத் தோப்புக்காரர். பனியாம்!

பாலக்கோடு ரிட்டயர்டு:
அம்மா சொல்வது சரி, ஆனால் ஒரு திருத்தம். மாம்பூவுக்குத் தேனீ மட்டுமில்லை, மகரந்தம் சேர்ப்பதில் ஈதான் முக்கியமான வேலைக்காரன். நாம் சாப்பாட்டில் விரட்டுகிற ஈயும் அதில் சேர்த்தி. ஒரு கொத்தில் ஆயிரக்கணக்கில் பூ இருக்கும், கடைசியில் காயாக நிற்பது ஒன்றோ இரண்டோ. அதற்கும் ஈ வரவேண்டும்.

என் அனுபவம் சிறியது. 35 அடி இடைவெளியில் 40 மரம். ஒரு வருஷம் பூச்சி வந்தது, அடித்தேன், போனது. அவ்வளவுதான்.

இனி கேளுங்கள். தத்துப்பூச்சி பூ வந்த பிறகு வெளியூரிலிருந்து வருவதில்லை. பூ இல்லாத மாதங்களில் அடிமரத்துப் பட்டை இடுக்கில் உட்கார்ந்திருக்கும். பூந்தண்டும் இளந்தளிரும் வந்ததும் அதற்குள்ளேயே முட்டை வைக்கும். அதனால்தான் மேலே இருப்பதைக் கொன்றாலும் சில நாளில் உள்ளே இருந்த முட்டை பொரிந்து அடுத்த கூட்டம் வருகிறது. உங்கள் ஐந்தாம் நாள் தூறல் அதுவாக இருக்கலாம். சாறை உறிஞ்சி அது விடுகிற தேன் போன்ற கழிவில்தான் அந்தக் கறுப்புப் பூசணம் வளர்கிறது, பர்கூர் நண்பரே.

முதல் மருந்து, பூங்கொத்து வெளியே தலைகாட்டும்போது, ஒரு பூவும் விரியாத நிலையில். அடுத்தது பிஞ்சு பட்டாணி அளவு வந்த பிறகு. நடுவில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். இமிடாகுளோபிரிட் 17.8 சதவீதப் பூச்சிமருந்து என்றால் லிட்டருக்கு 0.3 மில்லி, 200 லிட்டர் டிரம்முக்கு 60 மில்லி. மூடியால் அளந்து ஊற்றுகிற பழக்கத்தை விடுங்கள். தேனீக்கு அது கடும் விஷம், அதனால்தான் விரியும் முன்பே என்கிறேன். அடுத்த முறை அதே மருந்து வேண்டாம், வேறு வகை மாற்றுங்கள், அல்லது வேப்பெண்ணெய். பூவில் வெள்ளைப் பொடி படிகிற சாம்பல் நோயும் சேர்ந்து வந்தால் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். அடிக்கும்போது கொத்தை மட்டும் நனைக்காமல் அடிமரத்தையும் நனைக்க வேண்டும். இரண்டு பாட்டிலைக் கலந்து அடிக்கச் சொன்ன கடைக்காரரிடம் ஏன் என்று கேட்டீர்களா? மானோகுரோட்டோபாஸ் என்கிற கடும் பூச்சிமருந்தைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று 2005லேயே தடை போட்டார்கள். நம் ஊரில் அதற்கப்புறமும் எத்தனை தோப்பில் அடித்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேல், கவாத்து, அதாவது கிளை கழிப்பது. அறுவடை முடிந்து ஆகஸ்ட், செப்டம்பரில் நடுக்கிளையைத் திறந்துவிடுங்கள். வெயில் உள்ளே விழுகிற மரத்தில் இந்தப் பூச்சி அவ்வளவாகத் தங்காது. சந்தேகம் இருந்தால் பையூர் ஆராய்ச்சி நிலையத்துக்கோ எலுமிச்சங்கிரி வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ கொத்தோடு ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு போங்கள். வெறும் வாயால் சொன்னால் யாருக்கும் புரியாது.

வேப்பனப்பள்ளி:
வாத்தியாரே, எல்லாம் சரி. தோப்பு நம்முடையது, மருந்து அடிப்பது யார்? குத்தகைக்காரர். பூ கண்ணில் பட்டதும் பேசி முடித்துவிடுகிறோம். அப்புறம் அவர் ஏழு முறை அடித்தாலும் நாம் வேலிக்கு வெளியே நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டியதுதான். "60 மில்லி ஊற்றுங்க அண்ணா" என்று போன வருஷம் சொன்னேன். "மாங்காய் உனக்கா எனக்கா?" என்று கேட்டார். அவர் கேட்டதும் நியாயம்தானே, அதுதான் எரிச்சல்.

ஈ பற்றிச் சொன்னீர்கள். என் மாமனார் கிருஷ்ணகிரி கேஆர்பி அணையில் மீன் கழிவு வாங்கி வந்து, பூ சமயத்தில் மரத்துக்கு மரம் சாக்கில் கட்டித் தொங்கவிடுவார். ஈ மொய்க்கும். காய் கூடியதா என்று எண்ணிப் பார்த்ததில்லை. ஊர்க்காரர்கள் இரண்டு முறை சண்டைக்கு வந்தது மட்டும் நினைவிருக்கிறது.

ஓசூர் ரோஜா:
எனக்கு மா இல்லை. பிப்ரவரி 14 காதலர் தினத்துக்கு வெட்ட வைத்திருந்த ரோஜா மொக்கைப் பிரித்தால் உள்ளே இலைப்பேன் ஓடியது. ஒரு பெட்டி மொக்கையும் பிரித்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பூச்சி பிடிக்கிற நீல நிற ஒட்டும் அட்டையை அதற்கு அப்புறம்தான் கட்டினேன்.

போச்சம்பள்ளி நாலு ஏக்கர்:
அக்கா, விரிந்த பூவில்தான் அடித்தேன். கேட்டதற்கு ஒளிப்பானேன்.

பாலக்கோடு சார் சொன்ன பிறகு மரத்துக்கு உள்ளே போய்ப் பார்த்தேன். மருந்து வெளிப்பக்கக் கிளையோடு நின்றுவிட்டது. மரமும் மரமும் கைகோர்த்துக்கொண்டு நிற்பதால் நடுவில் நல்ல பகலிலும் இருட்டு. அடிமரத்துப் பட்டையைக் குச்சியால் நெம்பினேன், பத்துப் பதினைந்து ஒரே இடுக்கிலிருந்து குதித்தன. ஒன்றுகூட மருந்தைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

காய் முடிந்ததும் நடுக்கிளையை எடுத்துவிடலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். "நான் வைத்த மரம்" என்று எழுந்து போனவர், இரண்டு நாளாகப் பேசவில்லை. பெரிய மரம் ஏறிக் கவாத்து செய்யத் தெரிந்த ஆள் சந்தூர் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள். ஆகஸ்டுக்குள் அப்பாவைச் சரிக்கட்டிவிடுவேன்.