புதுப்பிப்பு: சர்க்கரை நோய் இல்லாத அப்பாவுக்கு 13.8 வந்தது ஏன்?

போன மாதம் கேட்டிருந்தேன்: நிமோனியாவோடு இங்கே பினாங்கில் மருத்துவமனையில் சேர்த்த அப்பாவுக்கு, சர்க்கரை நோயே இல்லாமல் ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 13.8 மில்லிமோல் (டெசிலிட்டருக்குச் சுமார் 248 மி.கி.). பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

"எச்பிஏ1சி பார்க்கச் சொல்லு தம்பி" என்று ஓர் அக்கா எழுதியதுதான் கைகொடுத்தது. 5.4 விழுக்காடு வந்தது. அந்த ரத்தச் சோதனை காட்டும் இரண்டு மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி சரியாக இருப்பதால் இது பழைய சர்க்கரை நோய் இல்லை. கடும் நோயில் கார்டிசோல், அட்ரினலின் என்ற அழுத்த ஹார்மோன்கள் ஏற, கல்லீரல் சர்க்கரையைக் கொட்டுகிறது, இன்சுலினும் சரியாக வேலை செய்வதில்லை என்றார் டாக்டர்.

எதிர்பாராத விஷயம் ஒன்று. இப்படி ஏறுவது நோயின் தீவிரத்துக்கும் அடையாளமாம். அதனால்தான் அடிக்கடி குத்திப் பார்த்தார்கள்; அப்பாவின் விரல் நுனியெல்லாம் கறுத்த புள்ளிகள், பார்க்கவே மனசு கேட்கவில்லை.

இன்சுலின் மூன்றே நாள். காய்ச்சல் இறங்கியதும் சர்க்கரை 6க்கு வந்துவிட்டது. சிலருக்குப் பின்னால் சர்க்கரை நோய் வரலாம் என்பதால் மூன்று மாதம் கழித்து மறுபடி சோதனை.