புகழ் வேண்டும், படம் மட்டும் வேண்டாமா?

கடைசிவரிசை:
மேடையில் ரசிகர்களைப் பார்த்துக் கையசைக்கிற அதே ஆள், செல்போனைத் தூக்கினால் முகம் சுளிக்கிறார். இது என்ன கணக்கு? எப்போது எடுக்கலாம், எப்படிக் கேட்கலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூன்றாம்தந்தி:
எல்லாம் கர்வம் இல்லை. பியானோ கலைஞர் கிறிஸ்டியான் சிமர்மான் 2013-இல் ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் ஒருவர் செல்போனில் பதிவுசெய்வதைப் பார்த்து மேடையை விட்டு இறங்கிவிட்டார். திரும்பி வந்து அவர் சொன்ன காரணம், 'அதுதான் யூடியூபில் இருக்கிறதே' என்று ஒலிப்பதிவு வாய்ப்புகள் கைநழுவிப் போயின என்பது. ராக் பாடகர் ஜாக் வைட் 2018 சுற்றுப்பயணத்தில் செல்போனைப் பூட்டுப்பையில் போடச் சொன்னார். பை உங்கள் கையிலேயே இருக்கும், வெளியே வந்தால்தான் திறக்க முடியும். பகிர்வதற்குப் படங்களை அவருடைய புகைப்படக்காரரே எடுத்து வெளியிட்டார். எனக்குப் பிடித்தது கிங் கிரிம்சன் ராக் குழு வைத்திருந்த வழி: கச்சேரியின் கடைசியில் பாஸ் கிதார் வாசிக்கும் டோனி லெவின் தன் கேமராவை எடுத்தால் எல்லோரும் எடுக்கலாம், அதுவரை கூடாது என்றிருந்தது.

இருட்டுக்கண்:
தடை இல்லாத இடத்துக்கு மட்டும் இது. ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். செல்போன் ஃபிளாஷ் மூன்று நான்கு மீட்டரைத் தாண்டாது. இருபதாவது வரிசையிலிருந்து அடித்தால் முன்னால் இருப்பவரின் பின்மண்டைதான் பளிச்சென்று விழும். கேமராவில் ஃபோகஸுக்காக எரியும் சின்ன ஆரஞ்சு விளக்கையும் அணைக்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான், கலைஞரின் கண்ணில் குத்துவதும் இதுதான்.

மேடை முகம் வெள்ளையாய் வெளுத்துப்போவது, சுற்றியுள்ள இருட்டைப் பார்த்துச் செல்போன் வெளிச்சத்தைக் கூட்டிவிடுவதால். திரையில் தெரியும் முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிட்டு, வெளிச்சத்தைக் கீழே இழுங்கள். கேமரா என்றால் ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் திறன்) 3200, ஷட்டர் வேகம் 1/250 நொடியில் தொடங்கலாம். சத்தமில்லாத ஷட்டரில் எல்ஈடி விளக்கு பட்டை பட்டையாய் விழுந்தால் 1/100-க்கு இறக்குங்கள். திரையின் வெளிச்சத்தையும் குறையுங்கள், பின்னால் உட்கார்ந்திருப்பவரும் டிக்கெட் வாங்கித்தான் வந்திருக்கிறார்.

சும்மாஒருவன்:
பத்திரிகைக்காரர்களுக்கே பல இடங்களில் 'முதல் மூன்று பாட்டு, ஃபிளாஷ் கூடாது' என்பதுதான் விதி. நாம் ஏன் முழுக் கச்சேரியையும் எடுக்க வேண்டும்?

மூன்றாம்தந்தி:
செல்ஃபி பற்றி விட்டுப்போச்சு. வாத்தியத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடும்வரை கிட்டே போகாதீர்கள், அந்த நேரத்தில் கவனம் முழுக்க அதில்தான். சாப்பிடும்போதும், குழந்தையோடு நிற்கும்போதும் கேட்கவே வேண்டாம். கேமராவைத் திறந்து முன்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, "ஒரு படம் எடுத்துக்கலாங்களா?" என்று கேளுங்கள். சரி என்றால் இரண்டே கிளிக். பெரும்பாலும் எரிச்சல் வருவது, சரி சொன்னபிறகு பாஸ்வேர்டு தட்டிக்கொண்டு நிற்கிறவரிடம்தான். தோளில் கை போடாதீர்கள்.