அப்பச்சி ஆத்தாளோட முதல் தடவை க்ரூஸ் போறோம், ஏறுற அன்னைக்கு என்னென்ன பாத்துக்கணும்?

கோட்டையூர் பட்டாலை:

எல்லாருக்கும் வணக்கம். வர்ற மாசம் சிங்கப்பூர்ல கெளம்புற க்ரூஸ் ஒண்ணு புக் பண்ணியிருக்கோம், மூணு ராத்திரி, சிங்கப்பூர் டு பினாங்கு, திரும்ப சிங்கப்பூர். நான், வீட்ல, பிள்ளைக ரெண்டு, அப்பச்சி (எங்கப்பா), ஆத்தா (எங்கம்மா), ஆக ஆறு பேரு. அப்பச்சிக்கு 74 ஆகுது முட்டி வலி உண்டு, ஆத்தாளுக்கு 69, சுகர். கோட்டையூர்ல சாப்பிட்டுட்டு திருச்சி போயி ராத்திரி ப்ளைட்டு, விடியக்காலைல சிங்கப்பூர், அன்னைக்கே மத்தியானம் கப்பல் ஏறணும். இது சரியா வருமா இல்ல ஒரு நாள் முன்னாடியே போயிடணுமா?

பினாங்குன்னு முடிவு பண்ணது அப்பச்சிக்காகத் தான். ஐயா, அதான் அப்பச்சியோட அப்பா, அங்க தான் கொண்டுவிக்க, அதாவது தொழில் பாக்கப் போயிருந்தாக. நாகப்பட்டினத்துல ராஜூலா கப்பல் ஏறுவாகளாம், கப்பல் கரைக்கே வராதாம், தூரமா கடல்ல நிக்குமாம், படகுல ஏத்தி கொண்டு போயி விடுவாகளாம். அப்பச்சி ஏழு வயசுல கரைல நின்னு கையாட்டுனது, இன்னைக்கி வரைக்கும் கப்பல் ஏறுனது இல்ல. ஆத்தா வேற மாதிரி, இப்பவே பயந்துக்கிட்டு இருக்கு, வாந்தி வருமா, தயிர்சோறு கெடைக்குமா, சாமி கும்பிட சூடம் கொண்டு போகலாமான்னு தெனம் ஒரு கேள்வி. பெட்டியெல்லாம் யாரு தூக்குவா, ரூம் எத்தன மணிக்கு குடுப்பாக, முதல் நாள் ஏதோ ட்ரில்லுன்னு சொல்றாகளே அதுக்கு வயசானவுகளும் போகணுமா? போயிட்டு வந்தவுக சொல்லுங்க.

பள்ளத்தூரான் (இப்ப சிங்கப்பூர்):

அண்ணே முடிஞ்சா ஒரு நாள் முன்னாடி வந்துருங்க. ப்ளைட்டு லேட்டானா கப்பல் உங்களுக்காக நிக்காது, காசும் பெரும்பாலும் திரும்பாது. அன்னைக்கே தான் வரணும்னா செக்கின் நேரத்துல கடைசி ஸ்லாட்டா பாத்து எடுங்க. டெர்மினல் மெரினா சவுத் பக்கம், சாங்கில இருந்து டாக்ஸில அரை மணி நேரம் வச்சுக்கங்க. மெரினா சவுத் பியர்னு எம்ஆர்டி ஸ்டேஷன் இருக்கு, ஆனா ஆறு பேரு பெட்டியோட அதெல்லாம் வேண்டாம், பெரிய மேக்ஸி கேப் புக் பண்ணிடுங்க.

ரொம்ப முக்கியம், விசா மல்டிபிள் என்ட்ரியான்னு பாருங்க. கப்பல் பினாங்கு போயிட்டு வந்தா சிங்கப்பூருக்குள்ள ரெண்டாவது தடவ நுழையறதா தான் கணக்கு. அதே மாதிரி அரைவல் கார்டும் (ஆன்லைன்ல போடுற நுழைவுப் படிவம்) ரெண்டு தடவ போடணும், ப்ளைட்டுல வர்றதுக்கு ஒண்ணு, கப்பல்ல திரும்பி வர்றதுக்கு ஒண்ணு. வர்ற தேதிக்கு மூணு நாளைக்குள்ள தான் போட முடியும், அது இலவசம், காசு கேக்குற வெப்சைட்டுன்னா போலின்னு அர்த்தம்.

இன்னொண்ணு, ஆத்தா கைல சொல்லுங்க, மசாலாப் பொடி எதுலயும் கசகசா இருக்கக் கூடாது. இங்க கசகசாவுக்கு தடை. நம்ம வீட்டுப் பொடில கசகசா போடாம இருக்க மாட்டாக, அதான் சொல்றேன். அப்பச்சி வெத்தலைக்கு பொகையிலை போடுற ஆளா இருந்தா அதுவும் ஆகாது.

கார்டு விஷயம். கப்பலுக்குள்ள காசு செல்லாது, எல்லாம் ரூம் சாவி கார்டுல தான் ஏறும், அதுக்கு கிரெடிட் கார்டை இணைச்சு விடணும். நம்மூர் பேங்க் கார்டுல இன்டர்நேஷனல் ட்ரான்சாக்ஷன் ஆஃப்ல இருக்கும், திருச்சி ஏர்போர்ட்லயே ஆன் பண்ணிட்டு ஏறுங்க. போன வருசம் நான் கவுண்டர்ல நின்னு ஓடிபி வராம பட்ட பாடு, பின்னாடி முப்பது பேரு முறைக்கிறாக.

கடல்தண்ணி:

நான் பயணிகள் கப்பல்ல கிச்சன்ல எட்டு வருசம் வேல பாத்தவன், ஊரு புதுவயல். ஏறுற நாளு எங்களுக்கு எப்படி இருக்கும்னு சொன்னா உங்களுக்கு பாதி விஷயம் புரியும். காலைல ரெண்டாயிரம் மூவாயிரம் பேரு எறங்குவாங்க, மத்தியானத்துக்குள்ள அத்தன ரூமும் கழுவி விரிச்சு, காய்கறி கறி மீனு பாலு எல்லாம் ஏத்தி, அடுத்த ரெண்டாயிரம் மூவாயிரம் பேரை உள்ள விடணும். அதனால தான் ரூம் ஒரு மணி ஒன்றரைக்கு முன்னாடி தர மாட்டாங்க, பெட்டியும் உங்க கூட வராது. டெர்மினல் வாசல்லயே வாங்கிக்குவாங்க, டேக்ல இருக்குற ரூம் நம்பரைப் பாத்து சாயங்காலமோ ராத்திரியோ ரூம் வாசல்ல கொண்டாந்து வப்பாங்க. ஆகவே முதல் நாளுக்கு வேண்டியது எல்லாம் ஒரு கைப்பைல: சுகர் மாத்திரை, பாஸ்போர்ட், ஒரு செட் துணி, பிள்ளைகளுக்கு நீச்சல் ட்ரெஸ். டேக்கை ரெண்டு பக்கமும் செல்லோ டேப் போட்டு ஒட்டுங்க. கிழிஞ்சு போச்சுன்னா அந்தப் பெட்டி எந்த ரூமுன்னு தெரியாம கீழ கெடக்கும்.

சூடம், ஊதுபத்தி, தீப்பெட்டி, வெளக்கு எதுவும் ஆகாதுங்க. கப்பல்ல எங்களுக்கு தண்ணியை விட நெருப்புக்குத் தான் பயம். நம்ம ஜனங்க மெட்ராஸ்ல இருந்து சிங்கப்பூர் போயிட்டு வந்த சிதம்பரம் கப்பலே எம்பதுகள்ல தீப்பிடிச்சது தானே. அயர்ன் பாக்ஸ், ஹீட்டர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இதுகளையும் பிடுங்கி வச்சுக்குவாங்க. விபூதி குங்குமம் தாராளமா கொண்டு போகலாம்.

ட்ரில்லுன்னா ஆபத்து வந்தா எங்க போயி நிக்கணும், என்ன செய்யணும்னு காட்டுற பயிற்சி. அதுக்கு கண்டிப்பா எல்லாரும் போகணும், வயசெல்லாம் கணக்கு இல்ல. முன்னாடி கெளம்பி 24 மணி நேரத்துக்குள்ள நடத்துனா போதும்னு இருந்துச்சு. 2012ல இத்தாலில கோஸ்டா கான்கார்டியா கவுந்தப்ப அன்னைக்கு தான் ஏறுன ஜனங்க நெறைய பேருக்கு ட்ரில்லே நடக்கல, 32 பேரு போயிட்டாங்க. அதுக்கப்புறம் தான் கெளம்புறதுக்கு முன்னாடியோ கெளம்புன உடனேயோ நடத்தணும்னு 2015ல இருந்து சட்டம். கொரோனாவுக்குப் பிறகு நெறைய கப்பல்ல லேசாக்கிட்டாங்க, டிவிலயோ போன்லயோ வீடியோ பாத்துட்டு உங்க கார்டுல போட்டிருக்கிற இடத்துக்குப் போயி ஒரு ஸ்கேன், அம்புட்டு தான். ஏழு குட்டி சங்கும் ஒரு நீள சங்கும் அடிச்சா ஆபத்துன்னு அர்த்தம், பிள்ளைகளுக்கு சொல்லி வைங்க. அப்பச்சியை சாயங்காலம் கூட்டம் கூடுறதுக்கு முன்னாடி கூட்டிப் போயிருங்க, லிப்ட்டுல எடம் கெடைக்காது அப்புறம்.

வாந்திக்கு பயப்பட வேண்டாம். மலாக்கா ஜலசந்தி ரெண்டு பக்கமும் கரை உள்ள தண்ணி, பெருசா அலை இருக்காது. ரூம் கப்பலுக்கு நடுவுல கீழ் டெக்ல இருந்தா ஆட்டம் இன்னும் கம்மி. அவோமின் மாதிரி மாத்திரை போடுறதுன்னா ஏறுறதுக்கு முன்னாடி போடணும், தூக்கம் வரும், சுகர் மாத்திரையோட சேருமான்னு டாக்டர் கிட்ட கேட்டுக்கங்க.

ஆத்தங்குடி ஆச்சி:

தம்பி, நாங்க ரெண்டு தடவ போயிட்டு வந்துட்டோம். ஆம்பளைக யாரும் சொல்லாதத நான் சொல்றேன். பாத்ரூம் வாசல்ல ஒரு படி மாதிரி உசந்து இருக்கும், நம்ம வீட்டு நிலைப்படி மாதிரின்னு வச்சுக்கங்க, ராத்திரி தூக்கக் கலக்கத்துல ஆத்தா இடிச்சுக்கும், லைட்டைப் போட்டே விட்ருங்க. வாளி கப்பு எல்லாம் கெடையாது, ஒரு காலி தண்ணி பாட்டில் வச்சுக்கங்க, புரியும். டாய்லெட் ப்ளஷ் அமுக்குனா புஸ்ஸுன்னு ஒரு சத்தம் வரும், ஆளையே உள்ள இழுக்குற மாதிரி, முதல்லயே சொல்லி வைங்க, எங்க வீட்ல அத்தை அலறிட்டாக.

சாப்பாடு. ஏறுன உடனே எல்லாரும் மேல பஃபேக்கு தான் ஓடுவாக, தட்டோட உக்கார எடம் தேடி அலையணும். அதே நேரம் கீழ பெரிய டைனிங் ஹாலும் தெறந்திருக்கும் பாதி கப்பல்ல, அங்க கூட்டமே இருக்காது, மேசைல கொண்டாந்து வப்பாக, கேட்டுப் பாருங்க. இந்தியன் சாப்பாடு உண்டு, பருப்பு, பன்னீர், சோறு, தயிரு. நம்ம ரசம் எதிர்பாக்காதீக. சைவம்னா புக்கிங்லயே சொல்லிடணும். ஒரு நல்ல எவர்சில்வர் பிளாஸ்க் கொண்டு போங்க, ராத்திரி பஃபேல சுடுதண்ணி பிடிச்சு வச்சுக்கிட்டா காலைல நாலு மணிக்கு எந்திரிக்கிற ஆளுக்கு காப்பித்தூளைப் போட்டுக் குடுத்துரலாம், இல்லன்னா ஆறு மணி வரைக்கும் உங்க உசிர வாங்கிரும்.

நேமத்தான்:

அம்புட்டு காசுக்கு பேசாம ப்ளைட்டுல பினாங்கே போயி மூணு நாளு தங்கலாம். கப்பல்ல வைஃபைக்கு தனிக் காசு, கூல்டிரிங்ஸுக்கு தனிக் காசு, டிப்ஸுன்னு ஒரு நாளைக்கு ஆளுக்கு இவ்வளவுன்னு அவனே எழுதிக்குவான். பினாங்குல எறங்கி இருக்கப் போறது ஏழு எட்டு மணி நேரம். எனக்கு ஒத்து வரல, சொல்லிட்டேன்.

பள்ளத்தூரான்:

நேமத்தாண்ணே டிப்ஸ் விஷயம் நெசம் தான், அதையும் சேத்து தான் பட்ஜெட் போடணும். ஆனா அவுக அப்பச்சிக்கு வேண்டியது பினாங்கு மட்டும் இல்ல, கப்பல்ல பினாங்கு போறது. கப்பல் ஏறுன உடனே போனை ஏரோப்ளேன் மோட்ல போட்ருங்க எல்லாரும். நடுக்கடல்ல கப்பலோட டவரை பிடிச்சுச்சுன்னா பில்லு தனியா வரும்.

கோட்டையூர் பட்டாலை:

போயிட்டு வந்தாச்சு. சொன்னவுக எல்லாருக்கும் நன்றி, ஏறுன அன்னைக்கு கதையை மட்டும் எழுதறேன்.

ஒரு நாள் முன்னாடியே போயிட்டோம், நல்லதாப் போச்சு, ப்ளைட்டு ரெண்டு மணி நேரம் லேட்டு. டெர்மினல்ல வீல்சேர் கேட்டு வாங்குனா அப்பச்சி உக்கார மாட்டேங்குறாக, நான் என்ன நடக்க மாட்டாதவனான்னு. வரிசை எம்புட்டு நீளம்னு பாத்ததும் பேசாம உக்காந்தாக, வீல்சேருக்கு தனி வழி, நாங்க ஆறு பேரும் அவுக பின்னாடியே போயிட்டோம். எக்ஸ்ரேல ஆத்தாளோட தேன்குழல் சம்படத்தை தெறக்கச் சொன்னாக, அந்த ஆபீசரம்மா உத்துப் பாத்துட்டு விட்ருச்சு. என் வீட்டுக்காரி கொண்டு வந்த அயர்ன் பாக்ஸ் தான் மாட்டுச்சு, நான் படிச்சுப் படிச்சு சொன்னேன், குட்டி அயர்ன் பாக்ஸ் தானேன்னு வச்சிருக்கு. ரசீது போட்டு வாங்கிக்கிட்டாக.

ஆச்சி சொன்னபடி கீழ டைனிங் ஹாலுக்குப் போனோம், பத்து மேசை கூட நெறையல. ஆத்தாளுக்கு தயிரு கெடச்சுச்சு, ஊறுகாய் நாங்க கொண்டு போனது. ரூம் ஒன்றரைக்கு குடுத்தாக. ட்ரில்லுக்கு மூணு மணிக்கே அப்பச்சியை கூட்டிப் போயி ஸ்கேன் பண்ணிட்டு வந்தோம், லைப் ஜாக்கெட்டை மாட்டிக் காட்டுன பையன் தூத்துக்குடியாம், அப்பச்சி அவன்ட்ட ஊரு, கொலம் கோத்திரம்லாம் விசாரிச்சு கால் மணி நேரம், பின்னாடி வந்தவுக எல்லாம் ஸ்கேன் பண்ணிட்டுப் போயிட்டாக.

பெட்டி நாலுல மூணு ஆறு மணிக்குள்ள வந்துருச்சு. அப்பச்சி பெட்டி மட்டும் வரல. டேக்குக்கு டேப் ஒட்டுங்கன்னு கடல்தண்ணி சொன்னாகள்ல, மூணு பெட்டிக்கு ஒட்டுனேன், டேப் தீந்து போச்சு, நாலாவதை அப்படியே விட்டேன். வேட்டி சட்டை எல்லாம் அதுல. போட்டிருந்த வேட்டில மத்தியானம் பருப்பு கொட்டிருச்சு வேற. கடைசில என் ட்ராக் பேண்ட்டை போட்டுக்கிட்டு ராத்திரி சாப்பிட வந்தாக, வாழ்க்கைல முதல் தடவை. பிள்ளைக போட்டோ எடுத்து சொந்தக்காரக குரூப்புல போட்டுருச்சுக. ஒம்பதரை மணிக்கு வரவேற்பு கவுண்டர் பக்கத்துல டேக் இல்லாத பெட்டிக வரிசைல கண்டுபிடிச்சேன்.

கப்பல் எப்ப கெளம்புச்சுன்னே தெரியலங்க. அஞ்சு மணிக்கு மேல் டெக்ல நிக்கிறோம், ஆத்தா எப்பப்பா கெளம்பும் எப்பப்பா கெளம்பும்னு கேட்டுக்கிட்டே இருக்கு, பாத்தா எதுக்க இருந்த கிரேன் மெதுவா பின்னாடி போயிக்கிட்டு இருக்கு. ஒரு குலுக்கல் இல்ல. அந்த மூணு கட்டடத்து மேல படகு வச்ச மாதிரி இருக்குற ஓட்டல் சின்னதாகி சின்னதாகிப் போச்சு. வெளிய கடல் பூரா சரக்குக் கப்பல் நங்கூரம் போட்டு நிக்குது, அப்பச்சி எண்ண ஆரம்பிச்சு நாப்பதுக்கு மேல விட்டுட்டாக. அப்புறம் ரெண்டு கையும் கம்பில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. இருட்டுனதுக்கப்புறம், ராஜூலால ஐயா கீழ டெக்ல தான் பாய் விரிச்சுப் படுத்து வந்தாக, இங்க லிப்ட்டு வச்சிருக்கான்னு சொல்லிட்டு காத்தா இருக்கு உள்ள போவோம்னாக.

பினாங்கை தனியா எழுதறேன், தண்ணிமலையான் முருகன் கோயில், 1894ல நம்ம காரைக்குடில செஞ்சு கப்பல்ல ஏத்துன வெள்ளி ரதம் எல்லாம் அதுல.

ஆத்தங்குடி ஆச்சி:

ரொம்ப சந்தோசம் தம்பி. காலைல காப்பி?

கோட்டையூர் பட்டாலை:

நாலு பத்துக்கு எந்திரிச்சுச்சு ஆச்சி. பிளாஸ்க் காப்பாத்துச்சு. நிலைப்படில இடிச்சுக்கிட்டது ஆத்தா இல்ல, நான்.

நேமத்தான்:

அயர்ன் பாக்ஸ் திரும்பக் கெடச்சுச்சா?

கோட்டையூர் பட்டாலை:

கெடச்சுச்சுண்ணே. எறங்குற அன்னைக்கு ஒரு மேசை நெறைய அயர்ன் பாக்ஸா அடுக்கி வச்சிருந்தாக, எது நம்மளதுன்னு தேடத் தான் நேரமாச்சு. சுத்தி நின்னவுக அம்புட்டு பேரும் தமிழ்ல தான் பேசிக்கிட்டு இருந்தாக.