மறு: ஸ்பின்னிங் ரிசர்வ் – ‘சுழல் இருப்பு’ போதுமா?

> ‘சுழல் இருப்பு’ என்றே வைத்துக்கொள்ளலாமே. சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது, சுருக்கமாகவும் இருக்கிறது.

ஐயா, வணக்கம். மின்சாரம் திடீரென்று குறைந்தால் ஈடுகட்ட, ஓடும் எஞ்சின்களில் விட்டுவைக்கும் கூடுதல் திறனை ஸ்பின்னிங் ரிசர்வ் என்பார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடுகையில் அனல்மின் நிலையத்தை மட்டும் மனத்தில் வைத்தால் நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் நம் கையில் இருப்பது தொலைதூரச் சுரங்கங்களின் மின்வழங்கல் பற்றிய கட்டுரை. அங்கே இந்தச் சொல் இரண்டு இடத்தில் இடறுகிறது.

மேற்கு ஆஸ்திரேலியாவின் அக்னியூ தங்கச் சுரங்கத்தையே பார்ப்போம். மாநிலத்தின் பொது மின்கட்டமைப்பு எட்டாத வறண்ட உள்நாடு. அரைவை ஆலையும், நிலத்தடிக்குக் காற்றனுப்பும் விசிறிகளும் இரவு பகல் ஓடியாக வேண்டும். 2020-இல் அங்கே 18 மெகாவாட்டுக்கு ஐந்து காற்றாலைகள், 4 மெகாவாட் சூரியத் தகடுகள், 13 மெகாவாட் மின்கலத் தொகுதி, பக்கத்திலேயே வாயு, டீசல் எஞ்சின்கள் என்று ஒரே அமைப்பாக இயங்கத் தொடங்கின.

ஒரு மேகம் கடந்தால் தகடுகளின் உற்பத்தி நொடிகளில் சரியும். நின்றுகிடக்கும் எஞ்சினைக் கிளப்பிச் சுமை ஏற்றுவதற்கோ நிமிடக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியைத் தாங்குவது யார்? பழைய வழி, இரண்டு எஞ்சின் போதுமான நேரத்திலும் மூன்றை ஓட்டுவது. மூன்றும் முழுச்சுமை இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றிலும் மிச்சமிருக்கும் அந்த இடம்தான் ஸ்பின்னிங் ரிசர்வ்.

அதற்கு விலை உண்டு. குறைந்த சுமையில் ஓடும் எஞ்சின் ஒவ்வொரு யூனிட்டுக்கும் கூடுதலாக எரிபொருள் குடிக்கும். இன்ன அளவுக்குக் கீழே சுமையை இறக்கவும் கூடாது. அதனால் காற்று நன்றாக அடிக்கும் இரவில்கூட எஞ்சினுக்கு வேலை கொடுப்பதற்காகக் காற்றாலையை அடக்கிவைக்க நேரும். தகடும் காற்றாலையும் வந்துவிட்டால் புகை தானாகக் குறையும் என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். ஆனால் மூன்றாவது எஞ்சினை நிறுத்தும் துணிச்சலைக் கொடுப்பது மின்கலம்தான். அது நொடிக்கும் குறைவான நேரத்தில் சுமையை வாங்கிக்கொள்ளும்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். மின்கலம் சுழல்வதில்லை, ஆகவே ‘சுழல்’ அடிபட்டுப்போகிறது. ‘இருப்பு’ அதைவிடத் தொல்லை. கிடங்கில் நெல் இருப்பு, அணையில் நீர் இருப்பு என்று அளவைத்தான் நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். அக்னியூ மின்கலத்தில் தேங்கியிருக்கும் ஆற்றல் 4 மெகாவாட்-மணி மட்டுமே. முழுத் திறனில் இறைத்தால் சுமார் 18 நிமிடத்தில் தீர்ந்துபோகும். ‘இருப்பு’ என்று எழுதினால் படிப்பவர், “இவ்வளவுதானா!” என்பார். பொறியாளர் பார்ப்பதோ அந்த 13 மெகாவாட்டை. எஞ்சின் கிளம்பும்வரை தாங்கினால் அவருக்குப் போதும்.

எனவே ‘ஏந்துதிறன்’ என்று முன்வைக்கிறேன். விழுகிற சுமையைக் கைநீட்டி ஏந்திக்கொள்ளும் திறன். மெகாவாட்டில் அளப்பது என்பதும் ‘திறன்’ என்ற பகுதியிலேயே தெரிந்துவிடுகிறது. எஞ்சின் தந்தால் ‘சுழல் ஏந்துதிறன்’, மின்கலம் தந்தால் ‘மின்கல ஏந்துதிறன்’. உங்கள் சொல்லில் பாதி பிழைத்துக்கொண்டது பாருங்கள்.

> எங்கள் பாடநூல்களில் வலு, சக்தி என்றுதான் வரும். ‘திறன்’ என்றால் இங்கே பிள்ளைகள் வேறு விளங்கிக்கொள்வார்கள்.

இது யாழ்ப்பாண நண்பர் எழுப்பிய கேள்வி, நியாயமானதும்கூட. நாம் ‘திறன்’ என்னும் பவரை அங்கே ‘வலு’ என்பதால் ‘ஏந்துவலு’ என்று எழுதலாம். முன்பகுதி ஒன்றாக இருந்தால் தேடுபவருக்கு இரண்டும் அகப்படும்.

இப்படிக் காற்று, வெயில், எஞ்சின் எல்லாம் சேர்ந்த ஹைபிரிடுக்குக் ‘கலப்பின மின்வழங்கல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். மாட்டுக்கும் மக்காச்சோளத்துக்கும் சரி, எஞ்சினுக்கு இனம் எதற்கு? ‘கலப்பு மின்வழங்கல்’ போதும். ‘கலப்படம்’ நினைவுக்கு வருகிறது என்று இன்னொருவர் கவலைப்பட்டார். கலப்புத் திருமணம் என்று சொல்ல நாம் தயங்குவதில்லையே.

மிச்சமிருப்பதுதான் கடினம். எல்லா எஞ்சினும் நின்றபின், 50 ஹெர்ட்ஸ் தாளத்தைத் தானே போட்டு மற்றவற்றையும் அதற்கு இசைய வைக்கும் இன்வெர்ட்டர் (மின்கலத்தின் நேர்மின்னோட்டத்தை மாறுமின்னோட்டமாக்கும் கருவி) ஒன்று வேண்டும். கிரிட்-ஃபார்மிங் என்பார்கள். ‘கட்டமைப்பு உருவாக்கி’ என்றால் யாரோ கம்பம் நடுவதுபோல் இருக்கிறது. ‘தாளமிடு மின்மாற்றி’ என்று யோசித்தேன், ஆனால் ‘மின்மாற்றி’ டிரான்ஸ்பார்மருக்குப் போய்விட்டது. ‘தாளமிடு இன்வெர்ட்டர்’ என்றே விடலாமா, வேறு வழி உண்டா? மின்வாரியத்தில் வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்.