பொருள்: ஆயில் கூலர் – குளிர்விப்பானா, ஆற்றியா?

மடல் 1
அனுப்பியவர்: செ., பாலிடெக்னிக் ஆசிரியர், கோவை

அனைவருக்கும் வணக்கம்.

ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி பற்றி ஒரு பாடக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பெட்டி பிடிக்கும் ஆயிலின் அளவைக் கூட்டுவதும் அதன் சூட்டைக் குறைப்பதும்தான் பாடம். 'பாய்மக் கொள்ளளவை உயர்த்துதல்' என்று தலைப்பு வைத்து (பாய்மம் என்றால் ஃப்ளூயிட்), கையெழுத்துப் படியை வகுப்பில் கொடுத்துப் பார்த்தேன். "அப்ப டிப்ஸ்டிக் குறிக்கு மேல ரெண்டு லிட்டர் ஊத்தணுமா சார்?" என்று ஒரு பையன் கேட்டான்.

அவன் சொன்னபடி செய்தால் பெட்டி பாழ். டிப்ஸ்டிக் என்ற அளவுக் கோலின் குறிக்கு மேல் ஊற்றினால் உள்ளே சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரைக்கு அழுத்தம் நிற்காது, கிளட்ச் தகடுகள் வழுக்கும், பெட்டியின் மூச்சுக்குழாய் வழியே ஆயில் வெளியேறும். அளவைக் கூட்டுவது என்றால் அடியில் இருக்கும் தொட்டியைக் கழற்றிவிட்டு, இன்னும் ஆழமான தொட்டியை மாட்டுவது. வடிகட்டியின் உறிஞ்சுவாய் புதிய அடிமட்டம் வரை எட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

எனக்கு இரண்டு தமிழ்ச் சொற்கள் வேண்டும்: அந்த ஆழமான தொட்டிக்கு ஒன்று, ஆயிலின் சூட்டைக் குறைக்கும் ஆயில் கூலருக்கு ஒன்று. 'குளிர்விப்பான்' என்று எழுதிப் பார்த்தேன், நாக்கில் ஒட்டவில்லை.

செ.

மடல் 2
அனுப்பியவர்: மா., மதுரை

அன்பின் செ.,

முதலில் 'ஆயில்' என்பதை விடுங்கள். 'எண்ணெய்' என்றும் எழுதக்கூடாது. எள்+நெய் = எண்ணெய். உங்கள் பெட்டிக்குள் ஓடுவதற்கும் எள்ளுக்கும் என்ன தொடர்பு? 'பாய்மம்' சரியான சொல். மாணவன் பிழையாகப் புரிந்துகொண்டது சொல்லின் குற்றமன்று.

குளிர்விப்பானில் எனக்கு மறுப்பில்லை. குளிர், குளி, குளம் மூன்றும் ஓரடியில் பிறந்தவை. உடலைக் குளிர்விப்பதால்தான் குளித்தல். நீர் குளிர்ந்து நிற்குமிடம் குளம். நமக்குச் சொல்லிலேயே தண்மை இருக்கிறது. எனவே 'குளிரி' என்று சுருக்கலாம். எஞ்சின் நீரின் சூட்டைத் தணிக்கும் ரேடியேட்டர் 'கதிரி', அதன் துணையாக வருவது 'குளிரி'. ஓசையும் ஒத்துவருகிறது.

மா.

மடல் 3
அனுப்பியவர்: இரா., டெக்சஸ்

> உடலைக் குளிர்விப்பதால்தான் குளித்தல்.

ஐயா, முத்துக்குளித்தல்? பழந்தமிழில் குளித்தல் என்றால் மூழ்குதல். தூத்துக்குடிக்காரர் கடலுக்குள் குதித்தது உடம்பைத் தணிக்க இல்லையே. சரி, அதை விடுவோம்.

'கதிரி' பொருளளவிலேயே தவறு. வண்டி ரேடியேட்டரில் சூடு பெரும்பாலும் காற்றோட்டத்தில்தான் போகிறது, கதிர்வீச்சின் பங்கு மிகச் சிறியது. ஆங்கிலத்தில் நடந்த பிழையைத் தமிழிலும் நாம் சுமக்க வேண்டுமா?

இங்கே பிக்கப் வண்டிக்குப் பின்னால் படகையோ குதிரை வண்டியையோ கட்டி இழுப்பவர்கள் அதிகம். அவர்கள்தான் தொட்டி, கூலர் மாட்டும் இந்த வேலையைச் செய்துகொள்கிறார்கள். சூட்டில் பெரும்பங்கு டார்க் கன்வர்ட்டரில் (எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியே பெட்டிக்குக் கடத்தும் பாகம்) பிறக்கிறது. எஞ்சின் பக்கத்துச் சக்கரம் வேகமாகவும் பெட்டிப் பக்கத்துச் சக்கரம் மெதுவாகவும் சுற்றும்போது, அந்த வித்தியாசத்தில் வீணாகும் ஆற்றல் ஆயிலைச் சுட வைக்கிறது. இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டும் லாக்கப் கிளட்ச் பிடித்துவிட்டால் இது நின்றுவிடும். மேட்டில் சுமையோடு மெதுவாக ஏறும்போது லாக்கப் பிடிக்காது, அங்கேதான் கண்டம். 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது இங்கே பட்டறைகளில் புழங்கும் கணக்கு. கச்சிதமான விதி இல்லை, ஆனால் போக்கு அதுதான்.

செ. அவர்கள் பாடத்தில் சேர்க்க வேண்டிய ஒன்று: ஆழத் தொட்டி சூட்டைக் குறைப்பதில்லை, தள்ளிப்போடுகிறது. 2, 3 லிட்டர் கூடுதலாக இருந்தால் சூடேற நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். ஒரு மணி நேரம் தொடர்ந்து மேடு ஏறினால் கடைசியில் ஏறக்குறைய அதே சூட்டுக்கே வந்து நிற்கும். வார்ப்பு அலுமினியத் தொட்டியின் வெளிப்புறத் தகட்டு வரிகள் கொஞ்சம் உதவும். சூட்டைக் கழிக்கும் வேலை கூலருடையது.

பி.கு.: மா. ஐயாவின் எள்ளுக்கு ஒரு துணைச் செய்தி. 1970களின் தொடக்கம் வரை இந்த ஆயிலில் உராய்வைப் பக்குவப்படுத்த ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயைக் கலந்தார்கள். அமெரிக்க அரசு அதைத் தடுத்த பிறகுதான் மாற்று வேதிப்பொருள் தேடினார்கள். ஆக, எள்நெய் இல்லை, மீன்நெய்.

இரா.

மடல் 4
அனுப்பியவர்: மா., மதுரை

திமிங்கிலம் மீனன்று, பாலூட்டி.

மடல் 5
அனுப்பியவர்: கு., சென்னை (பட்டறை நடத்துபவர்)

வணக்கம். நான் இலக்கணம் படித்தவன் இல்லை. எங்கள் பட்டறையில் அந்த அடித்தொட்டிக்குப் பெயர் 'சேம்பர்'. வேகத்தடையில் அடிபட்டால் 'சேம்பர் ஒடஞ்சிருச்சு' என்பார்கள். கூலர் கூலர்தான். செ. சாரின் பையன்கள் நாளை என்னிடம் வேலைக்கு வந்து 'குளிரியைக் கொடுங்கள்' என்றால் ஹெல்பர் ஐஸ்கிரீம் கடைக்குத்தான் அனுப்புவான்.

தொட்டி ஆழமானால் தரைக்கும் அதற்கும் உள்ள இடைவெளி குறையும். நம் ஊர் வேகத்தடைகளுக்கு இது ஆகாத வேலை. இங்கே கூலர் மட்டும் போடுவதே புத்திசாலித்தனம். பாடத்தில் இதையும் எழுதுங்கள் சார்.

இன்னொன்று. இப்போது பல சின்னக் கார்களில் வருவது ஏ.எம்.டி. (ஆட்டோமேட்டட் மேனுவல் டிரான்ஸ்மிஷன்). அது மேனுவல் பெட்டிதான், கிளட்சையும் கியரையும் மோட்டாரோ ஹைட்ராலிக்கோ போடுகிறது. கன்வர்ட்டரே கிடையாது. அதற்கும் கூலர் கேட்டு வருகிறார்கள். உங்கள் தலைப்பில் 'தானியங்கி' என்று மட்டும் போட்டால் இந்தக் குழப்பம் கூடும்.

கு.

மடல் 6
அனுப்பியவர்: வ., யாழ்ப்பாணம் (மொழிபெயர்ப்பாளர்)

ஐயாமாருக்கு வணக்கம்.

குளிர்விப்பான், குளிரி இரண்டும் எனக்குப் பொருந்தவில்லை. 110 பாகையில் வரும் ஒயிலை 85க்குக் கொண்டுவருவதைக் குளிர்விப்பது என்று யார் சொல்வார்? 85 பாகை கையைப் பொசுக்கும். குளிர் நாடுகளில் ஒயில் அளவுக்கு மீறி ஆறிவிடாமல் இருக்கக் கூலரைச் சுற்றிப் போகும் வழியும் வெப்பநிலை வால்வும் வைக்கிறார்கள். ஒயில் தடித்துப் போனால் கியர் மாறுவது மந்தமாகும். ஆக, குளிர வைப்பது இந்தக் கருவியின் நோக்கமே இல்லை.

நாங்கள் தேத்தண்ணியை என்ன செய்கிறோம்? ஆற்றுகிறோம். சூட்டைக் குடிக்கிற பதத்துக்கு இறக்குவதுதான் ஆற்றுவது. மெல்லிய தாரையாக நீட்டிக் காற்றில் விடுவதால் ஆறுகிறது. கூலரும் ஒயிலை மெல்லிய தட்டுகளுக்கிடையே பரப்பிக் காற்றில் காட்டுகிறது.

எனவே 'ஆற்றி'. ஒயிலுக்கு என்றால் 'எண்ணெயாற்றி'. மாறு, மாற்று, மாற்றி: மின்மாற்றி ஏற்கெனவே இருக்கிறது. ஆறு, ஆற்று, ஆற்றி அதே வாய்பாடு.

எண்ணெய் எள்ளுக்கு மட்டுமே உரியது என்றால் மண்ணெண்ணெயை எதிலிருந்து பிழிந்தார்கள் என்று மா. ஐயா சொல்ல வேண்டும்.

வ.

மடல் 7
அனுப்பியவர்: மா., மதுரை

மண்ணெண்ணெய் வழுவமைதி, அதாவது வழக்கால் ஏற்கப்பட்ட பிழை. ஒரு வழுவைக் காட்டி இன்னொன்றைச் செய்யலாகாது.

'ஆற்றி' அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஆற்றுதலுக்குச் செய்தல், வலிமை காட்டுதல், தணித்தல், ஆறுதல் தருதல் எனப் பொருள் பல. பொறியியலில் 'ஆற்றல்' என்பதை எனர்ஜிக்கு எழுதிவைத்துவிட்டோம். அதே நூலில் சூட்டாற்றலைக் கழிக்கும் கருவி 'ஆற்றி' என்றால், மாணவன் அதை ஆற்றல் உண்டாக்கும் கருவி என்று எண்ண மாட்டானா? பாய்மக் கொள்ளளவையே தவறாகப் படித்த மாணவன்!

'ஆற்றுவார் ஆற்றல் பசியாற்றல்' என்ற குறளில் ஒரே அடிக்குள் அச்சொல் இரு பொருளில் நிற்கிறது. அது கவிதைக்கு அணி, கலைச்சொல்லுக்குப் பிணி.

மா.

மடல் 8
அனுப்பியவர்: வ., யாழ்ப்பாணம்

அதே குறளை எங்கள் ஊரில் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டினால் எது வலிமை, எது தணிப்பது என்று தடுமாறுவதில்லை. அடுத்த அடியில் 'மாற்றுவார்' வருவதையும் பாருங்கள். என் கட்சிக்கே சாட்சி சொல்லியிருக்கிறீர்கள் ஐயா.

வ.

மடல் 9
அனுப்பியவர்: இரா., டெக்சஸ்

ஆற்றிக்கு என் வாக்கு. ஆனால் 'ஆறின கஞ்சி பழங்கஞ்சி' என்றும் ஒரு பழமொழி உண்டு. ஆறுவதும் கடைசியில் குளிரில்தான் முடியும், வ. அவர்கள் பிரித்த அளவுக்கு அந்தக் கோடு தெளிவாக இல்லை.

தொட்டிக்கு 'ஆழ்கலம்' என்று எண்ணினேன். மரக்கலம், விண்கலம் வரிசையில் நீர்மூழ்கிக் கப்பல் போல ஒலிக்கிறது. நானே திரும்பப் பெறுகிறேன். 'ஆழத்தொட்டி' போதும்.

செ. அவர்களுக்கு: இரண்டு கூலரும் இருந்தால் ஆயில் முதலில் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலருக்கும், பிறகு முன்பக்கக் கூலருக்கும் போய்ப் பெட்டிக்குத் திரும்ப வேண்டும் என்று படத்தில் அம்புக்குறி போடுங்கள். ரேடியேட்டர் நீரின் சூட்டுக்குக் கீழே ஆயிலை அந்த உட்கூலரால் இறக்க முடியாது. அதற்குக் கீழே இறக்குவது வெளிக்காற்றில் நிற்கிற கூலர்தான். வரிசையைத் திருப்பிப் போட்டால், ஆறிய ஆயில் கடைசியில் நீரிடம் மறுபடி சூடு வாங்கிக்கொண்டு போகும்.

இரா.

மடல் 10
அனுப்பியவர்: கு., சென்னை

ஆற்றி எனக்குச் சரி. டீக்கடை வார்த்தை, ஹெல்பருக்கும் புரியும். ஆனால் கடையில் பொருள் வாங்கும்போது கூலர் என்றுதான் கேட்பேன், அதைக் குற்றம் சொல்லக் கூடாது.

அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் தமிழ்வழி இயந்திரவியல் தொடங்கியபோது என் அக்கா மகன் சேர்ந்தான். பாடத்தில் ஒரு சொல், பட்டறையில் ஒரு சொல், நேர்காணலில் ஒரு சொல் என்று மூன்றையும் சுமந்தான். குறிப்பில் இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள் சார்.

கு.

மடல் 11
அனுப்பியவர்: செ., கோவை

அனைவருக்கும் நன்றி. நாளை கோப்பை அனுப்ப வேண்டும், எனவே இப்படி முடித்திருக்கிறேன்.

தலைப்பு: 'கியர் பெட்டிக்கு ஆழத்தொட்டியும் எண்ணெயாற்றியும்'. கொள்ளளவு என்ற சொல் தலைப்பில் இல்லை. முதல் பத்தியிலேயே 'குறிக்கு மேல் ஊற்றாதே' என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன். எஞ்சின் ஓடும் நிலையில், ஆயில் சூடேறிய பிறகு அளவு பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்தாயிற்று, சூட்டில் ஆயில் விரியும் என்பதால். முதல் முறை வரும் இடங்களில் 'ஆயில் கூலர்', 'சேம்பர்' இரண்டும் கூடவே வரும். ஏ.எம்.டி.க்கு இந்தப் பாடம் பொருந்தாது என்று ஒரு வரியும் உண்டு.

ரேடியேட்டரை ரேடியேட்டர் என்றே விட்டுவிட்டேன்.

செ.

மடல் 12
அனுப்பியவர்: மா., மதுரை

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், உடன்படவில்லை. என் கட்டுரைகளில் 'குளிரி' என்றே எழுதுவேன்.

எண்ணெய்+ஆற்றி சேரும்போது உடம்படுமெய்க்கு இடமில்லை, 'எண்ணெயாற்றி' சரியே. ஆனால் தலைப்பில் 'ஆழத்தொட்டி' என்று வல்லினம் மிகுத்திருக்கிறீர்கள். ஆழ்தொட்டி என்று வினைத்தொகையாக்கினால் மிகாது, ஓரெழுத்தும் குறையும். அச்சுக்கு முன் முடிவு செய்யுங்கள்.

மா.