கேமரா நின்றுபோனால் முதலில் ரீசெட்டைத் தொடாதீர்கள்

எல்லோருக்கும் வணக்கம்.

வீட்டுக் கேமரா சில நாளாக ‘ஆஃப்லைன்’ என்றே காட்டுகிறது என்று தம்பி கேட்டிருந்தார். பதில் போட்ட எல்லோரும் ரீசெட் பட்டனை அழுத்தச் சொல்லியிருக்கிறீர்கள். தம்பி, தயவுசெய்து அதை இப்போதைக்கு யாரையும் செய்யச் சொல்லாதீர்கள். நீங்கள் ஒரு நாட்டில், கேமரா இன்னொரு நாட்டில், நடுவில் ஸ்டூல் போட்டு ஏற வேண்டியவர் வயதான அப்பா. ரீசெட் செய்தால் அதில் இருக்கும் வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் அழிந்துபோகும். அப்புறம் யாராவது கையில் போனோடு கேமரா முன்னால் நின்று, க்யூஆர் கோடைக் காட்டி, முதலிலிருந்து இணைக்க வேண்டும். பிளக் கழன்று கிடந்தது மட்டும்தான் பிரச்சினை என்றால், இப்போது அதோடு இன்னொரு பிரச்சினையும் சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

முதலில் எங்கே அறுந்திருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். வீட்டில் இருப்பவரிடம் கேட்க வேண்டியது மிகக் கொஞ்சம்: கேமராவில் ஏதாவது விளக்கு எரிகிறதா (நிறம் முக்கியமில்லை, அதன் அர்த்தம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்), வீட்டில் அதே வைஃபையில் போன் ஒழுங்காக ஓடுகிறதா, வீட்டுக்குள் இருந்தே அந்த ஆப்பைத் திறந்தால் படம் வருகிறதா. வீட்டுக்குள் படம் வந்து உங்களுக்கு மட்டும் வரவில்லை என்றால் கேமரா நன்றாகத்தான் இருக்கிறது, வெளியே வரும் வழியில்தான் கோளாறு. இரண்டு பேருக்கும் வரவில்லை, விளக்கும் எரியவில்லை என்றால் மின்சாரம். விளக்கு எரிகிறது, படம் மட்டும் இல்லை என்றால் பெரும்பாலும் வைஃபை.

மின்சாரத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதுதான் ஆளை ரொம்ப ஏமாற்றும். பகலெல்லாம் கேமரா ஒழுங்காக ஓடும், இருட்டியதும் விழும், விடிந்ததும் தானாக எழுந்துகொள்ளும். நாமும் இன்டர்நெட்டைத் திட்டிக்கொண்டிருப்போம். நடப்பது வேறு. இருட்டானதும் லென்ஸைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு எல்ஈடிகள் எரியத் தொடங்கும், கேமரா பகலைவிட அதிகக் கரண்டை இழுக்கும். அடாப்டர் பலவீனமாக இருந்தாலோ, மெல்லிசான யுஎஸ்பி வயரை நீளமாக இழுத்து மாட்டியிருந்தாலோ, வோல்டேஜ் இறங்கி கேமரா அணைந்து மறுபடி தொடங்கும். தொடங்கியதும் மறுபடி எல்ஈடி எரியும், மறுபடி விழும். ராத்திரி கேமரா பக்கத்தில் நின்றால் ‘டிக், டிக்’ என்று விட்டுவிட்டு ஒரு சத்தம் கேட்கும். பகலுக்கும் இரவுக்கும் மாறும்போது உள்ளே ஒரு சின்ன வடிகட்டி நகர்கிற சத்தம் அது. மாலையில் ஒரு தடவை கேட்டால் சரி, ராத்திரி முழுக்கக் கேட்டால் சரியில்லை.

இதை நீங்கள் தூரத்திலிருந்தே சோதிக்கலாம். பகலில் கேமரா உயிரோடு இருக்கும்போது ஆப்பில் போய் ‘நைட் விஷன்’ என்பதை அணைத்துவிடுங்கள். அன்று ராத்திரி படம் கறுப்பாக இருந்தாலும் கேமரா விழாமல் நின்றால் குற்றவாளி அடாப்டர் அல்லது வயர்தான். அடாப்டரின் மேல் அச்சடித்திருப்பதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கேமராவோடு வந்தது 5 வோல்ட் 2 ஆம்பியராக இருந்து, இப்போது மாட்டியிருப்பது டிராயரில் கிடந்த 0.5 ஆம்பியர் பழைய போன் சார்ஜர் என்றால் வேறு காரணம் தேட வேண்டாம். 12 வோல்ட் கேமராவுக்கும் இதே கதைதான், ஆனால் அதற்கு 12 வோல்ட்தான் கொடுக்க வேண்டும், மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள்.

வைஃபை பக்கம் வந்தால், முதல் கேள்வி “ரவுட்டரை யாராவது மாற்றினார்களா?” இன்டர்நெட்காரர் வந்து புதுசு மாட்டிவிட்டுப் போயிருப்பார், வீட்டில் அதை ஒரு செய்தியாகவே நினைத்திருக்க மாட்டார்கள். இதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது: புது ரவுட்டருக்குப் பழைய வைஃபையின் அதே பெயரையும் அதே பாஸ்வேர்டையும் எழுத்து பிசகாமல் வைத்துவிடுங்கள். கேமராவைத் தொடாமலே பெரும்பாலும் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். வரவில்லையா, வைஃபைக்கு 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை உண்டு; பல வீட்டுக் கேமராக்களுக்கு 2.4 மட்டும்தான் தெரியும், 5 தெரியாது. புது ரவுட்டரில் 2.4 அணைந்திருக்கிறதா பாருங்கள். பாதுகாப்பு வகை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தாலும் பழைய கேமராக்கள் உள்ளே வராது, டபிள்யூபிஏ2 வைத்தால் வரும்.

டிவிஆர் (பல கேமராக்களின் படத்தையும் பதிவு செய்யும் பெட்டி) வைத்து, ரவுட்டரில் போர்ட் திறந்துவிட்டு, அதாவது வெளியிலிருந்து நேராக உள்ளே வர ஒரு வாசலைத் திறந்துவைத்து, பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தனியாக ஒன்று. ஒரு நாள் திடீரென்று வெளியிலிருந்து வராமல் போனால், ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் ‘வான் ஐபி’ (WAN IP, ரவுட்டருக்கு இன்டர்நெட் கம்பெனி கொடுத்திருக்கும் முகவரி) என்று இருப்பதைப் பாருங்கள். அது 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரைக்குள்ளோ தொடங்கினால், கம்பெனி ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது என்று அர்த்தம். அதன்பின் நீங்கள் என்னதான் போர்ட் திறந்தாலும் வராது. அதற்குப் பதில் தயாரிப்பாளரின் ஆப்பில் அந்த டிவிஆரின் சீரியல் நம்பரைக் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் போர்ட் திறப்பதே வேண்டாம். 2016இல் மிராய் என்ற தீநிரல் (வைரஸ் மாதிரி ஒரு கெட்ட புரோகிராம்) உலகம் முழுக்கப் பிடித்துப்போட்டதில் நிறைய இப்படி வெளியே தெரிந்துகொண்டிருந்த கேமராக்களும் டிவிஆர்களும்தான். கம்பெனி போட்ட பாஸ்வேர்டை யாருமே மாற்றவில்லை, அவ்வளவு சுலபமாக நுழைந்தது.

டிவிஆரில் ஒரே ஒரு கேமரா மட்டும் கறுப்பாக இருந்தால், அதன் வயரைப் பக்கத்துச் சானலில் மாற்றிச் செருகச் சொல்லுங்கள். படம் வந்தால் டிவிஆரில் முதலில் செருகியிருந்த துளை போயிருக்கிறது, வரவில்லை என்றால் கேமராவோ வயரோ, அதிலும் மழை படுகிற இடத்து இணைப்பு. எல்லாக் கேமராவும் ஒன்றாகப் போனால், அவற்றுக்கு மின்சாரம் கொடுக்கும் பவர் பெட்டியைப் பாருங்கள். அப்புறம், பதிவே இல்லை என்று பதறுவதற்கு முன் டிவிஆரின் தேதியைப் பாருங்கள். உள்ளே இருக்கும் காசு பேட்டரி தீர்ந்து, கரண்ட் போய் வந்தபோது கடிகாரம் பல வருஷம் பின்னால் போயிருக்கும். பதிவுகள் பத்திரமாக அந்தப் பழைய தேதியின் கீழே கிடக்கும்.

மெமரி கார்டில் பதியும் கேமராவில் நேரலை வருகிறது, பழைய பதிவு இல்லை என்றால் கோளாறு அந்தக் கார்டில்தான் இருக்கும். இரவும் பகலும் அழித்து அழித்து எழுதியே அது தேய்ந்துபோகும். ஆப்பிலிருந்தே ஃபார்மேட் செய்யலாம் (இருக்கிற பதிவுகள் போய்விடும்), மறுபடி பிழை காட்டினால் கார்டை மாற்றத்தான் வேண்டும். ‘ஹை என்டியூரன்ஸ்’ என்று போட்டிருப்பதை வாங்குங்கள், போனுக்கு வாங்குகிற சாதாரணக் கார்டு இதற்குத் தாங்காது. ராத்திரி படம் வெள்ளையாகப் புகை போலத் தெரிந்தால் அது சிலந்திவலை, துடைத்தால் போதும்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் ரீசெட். அதற்கு முன் கேமரா அடியில் இருக்கும் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துவையுங்கள். கேமரா முதலில் யாருடைய கணக்கில் சேர்க்கப்பட்டது என்றும் கேளுங்கள். மாட்டிக்கொடுத்தவரின் கணக்கில் இருந்தால், ரீசெட் செய்த பிறகும் “இது வேறொருவரிடம் இருக்கிறது” என்று உங்களைச் சேர்க்க விடாத கேமராக்கள் உண்டு. அவர் தன் ஆப்பிலிருந்து நீக்க வேண்டும்.

தம்பி, விளக்கு எரிகிறதா, ரவுட்டர் மாறியதா, கடைசியாகப் படம் வந்தது எத்தனை மணிக்கு, அந்த நேரம் வீட்டில் கரண்ட் போனதா, இந்த நான்கையும் கேட்டு எழுதுங்கள். அடாப்டர் போட்டோவும் இருந்தால் நல்லது.